24 மாடலுக்கு எத்தனை நிறம்?

பதிவு கொஞ்சம் நீளம். காபி டம்ளரோடு உட்கார்ந்து நிதானமாகப் படியுங்கள்.

"மிஸ் இந்த வயசுல புரோகிராம் எழுதுறாங்களாமே, நிஜமா?" என்று பழைய பிளஸ் டூ குழு ஒன்றில் பேச்சு ஓடியதாகக் கேள்விப்பட்டேன். நிஜம்தான். ஆனால் பெரிய புரோகிராம் எல்லாம் இல்லை. நாற்பது வரிக்குக் கொஞ்சம் கூட. அது செய்கிற வேலையும் ஒன்றே ஒன்றுதான். திரையில் திறந்து வைத்திருக்கும் புரத மூலக்கூறுகளுக்கு, நாம் ஒவ்வொன்றாகத் தொட்டு நிறம் மாற்றாமல், அதுவாகவே நிறம் தீட்டும். இதற்கு இவ்வளவு நீளப் பதிவா என்று கேட்பீர்கள். அந்த நிறம் யார் கண்ணுக்கு என்ற கேள்வி இதற்குள் இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

வகுப்பில் பிளாஸ்டிக் உருண்டை மாடலைக் காட்டி, கார்பன் கறுப்பு, ஆக்சிஜன் சிவப்பு, நைட்ரஜன் நீலம், ஹைட்ரஜன் வெள்ளை என்று சொன்னது ஞாபகம் இருக்கிறதா? அந்த நிறங்கள் அணுவின் நிறங்கள் அல்ல. நம் கண்ணுக்குப் புலப்படும் ஒளியின் அலைநீளம் ஏறக்குறைய 400 முதல் 700 நானோமீட்டர். ஒரு அணுவோ ஒரு நானோமீட்டரைவிடச் சிறியது. தனி ஆக்சிஜன் அணு சிவப்பாக இருக்குமா என்று கேட்பதில் பொருளே இல்லை. 1865-ல் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் ஆகஸ்ட் வில்ஹெல்ம் ஹாஃப்மன் என்ற வேதியியலாளர் ஒரு சொற்பொழிவுக்காக குரோக்கே விளையாட்டின் மரப்பந்துகளுக்கு வர்ணம் பூசிக் கம்பியில் கோத்துக் காட்டினார். கார்பனுக்குக் கறுப்பு, ஹைட்ரஜனுக்கு வெள்ளை, ஆக்சிஜனுக்குச் சிவப்பு, நைட்ரஜனுக்கு நீலம், குளோரினுக்குப் பச்சை. அன்று பூசிய வர்ணம் இன்னும் காயவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். இன்று எந்த சாஃப்ட்வேரைத் திறந்தாலும் ஆக்சிஜன் சிவப்பு, நைட்ரஜன் நீலம்.

அணுக்கொள்கையைத் தந்த ஜான் டால்டன் இப்படி வர்ணம் பூசவில்லை. 1808-ல் வெளிவந்த அவருடைய நூலில் எல்லாத் தனிமங்களும் வட்டங்கள்தான். ஆக்சிஜன் வெறும் வட்டம், ஹைட்ரஜன் நடுவில் புள்ளி வைத்த வட்டம், நைட்ரஜன் உள்ளே கோடு போட்ட வட்டம், கார்பன் முழுக்க மை தீட்டிய வட்டம். அக்காலத்தில் கலர் அச்சு சுலபம் இல்லை என்பது ஒரு காரணம். ஆனால் டால்டனுக்கே சிவப்புக்கும் பச்சைக்கும் வேறுபாடு சரியாகத் தெரியாது! 1794-ல் மான்செஸ்டரில் தம் பார்வையைப் பற்றி அவரே கட்டுரை வாசித்திருக்கிறார். இறந்த பிறகு தம் கண்ணைச் சோதித்துப் பார்க்கச் சொல்லியிருந்தார். பத்திரப்படுத்தி வைத்திருந்த கண்ணிலிருந்து டி.என்.ஏ. எடுத்துப் பார்த்து, பச்சை ஒளியை உணரும் நிறமி அவருக்கு இல்லை என்று 1995-ல் உறுதி செய்தார்கள். நிறக்குருடு உள்ளவர் வேதியியல் படிக்க முடியாது என்று யாராவது சொன்னால் இந்தக் கதையைச் சொல்லுங்கள். நான் முப்பது வருடமாகச் சொல்லி வருகிறேன்.

என் மகள் வயிற்றுப் பேரனுக்கு அதே பார்வைதான். பயோடெக்னாலஜி படிக்கிறான். எங்கள் வீட்டில் இது எங்கிருந்து வந்தது என்று சொல்ல ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை. என் அப்பாவுக்கு இருந்தது. இந்தக் குறையின் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. அப்பா தம்முடைய ஒரே எக்ஸை எனக்குக் கொடுத்தார். இன்னொரு எக்ஸ் அம்மாவிடமிருந்து நல்லதாக வந்ததால் என் கண்ணுக்கு ஒன்றும் இல்லை. என்னிடமிருந்து மகளுக்குப் பாதி வாய்ப்பு, அவளிடமிருந்து அவள் மகனுக்குப் பாதி வாய்ப்பு. இரண்டு முறையும் காசு அதே பக்கம் விழுந்தது. ஆண்களில் நூற்றுக்குச் சில பேருக்கு இது உண்டு. அப்படியானால் நான் பாடம் நடத்திய ஒவ்வொரு பெரிய வகுப்பிலும் ஒருவராவது இருந்திருப்பீர்கள். பெர்மாங்கனேட் டைட்ரேஷனில் அந்த இளஞ்சிவப்பு எப்போது வந்தது என்று தெரியாமல் பியூரெட்டைத் திறந்துவிட்டுக்கொண்டே இருந்த பையன்களை எனக்குத் தெரியும். வெள்ளை டைல்ஸ் துண்டை அடியில் வைத்து, பக்கத்தில் முடிவுப்புள்ளி வந்த இன்னொரு குடுவையையும் வைத்து, "நிறத்தைப் பாக்காதே, இதுக்கும் அதுக்கும் வித்தியாசம் போகுதான்னு மட்டும் பாரு" என்பேன். அதில் தேறியவர்கள் சிலர் இதைப் படிக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

அப்பாவுக்குப் பெரியமேட்டில் ஒரு தோல் மண்டியில் கணக்கெழுதும் வேலை. யானைக்கவுனிப் பாலம் ஏறி இறங்கினால் பெரியமேடு, தினமும் நடைதான். அதற்கு முன்னால் சிக்னல் விளக்கு பார்க்கும் வேலை ஒன்றுக்குப் போட்ட மனு கண் பரிசோதனையோடு நின்றுபோனது. மண்டியில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட தோலையும், குரோம் போட்டு நீலம் பாரித்த தோலையும் அவர் தொட்டுப் பார்த்தும் முகர்ந்து பார்த்தும் சொல்வார். சாயம் போட்ட தோல் வந்தால் மட்டும் கட்டின்மேல் கட்டிய சீட்டைப் படிப்பார். சீட்டு இல்லாத கட்டை ஏட்டில் ஏற்றவே மாட்டார். பேரனும் சின்ன வயதில் அப்படித்தான். மார்ச்சில் மின்ட் தெருவில் ஹோலிக்குக் கலர்ப்பொடி குவித்து வைப்பார்களே, அங்கே போனால் பொட்டலத்தில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டுத்தான் வாங்குவான். நாங்கள் சிரிப்போம். அவன் சிரிக்க மாட்டான்.

அப்பாவின் தோலும் பேரனின் படிப்பும் கடைசியில் ஒரே புரதத்தில் வந்து சேர்ந்தன. தோல் என்பது பெரும்பாலும் கொலாஜன். எலும்பிலும் தசைநாரிலும் இருப்பதும் அதுதான். அதன் அமைப்பைக் கண்டுபிடித்தது நம் சென்னையில். நேரம் கிடைத்தபோதெல்லாம் வகுப்பில் சொல்லியிருக்கிறேன், மறந்தவர்களுக்காக மறுபடி.

1952-ல் ஜி.என். ராமச்சந்திரன் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு இயற்பியல் பேராசிரியராக வந்தார். வயது முப்பதுகூட நிரம்பவில்லை. சென்னைக்கு வந்திருந்த ஜே.டி. பெர்னால் என்ற விஞ்ஞானி, கொலாஜனின் அமைப்பு இன்னும் யாருக்கும் பிடிபடவில்லை என்று பேச்சுவாக்கில் சொன்னார். அதைப் பிடித்துக்கொண்டார் ராமச்சந்திரன். அடையாற்றில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து கங்காருவின் வால் தசைநார் கிடைத்தது. எக்ஸ்ரே படம் எடுத்து, கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து 1954-ல் நேச்சர் இதழில் அமைப்பை வெளியிட்டார். மூன்று சங்கிலிகள் கயிறு திரித்த மாதிரி ஒன்றையொன்று சுற்றிக்கொண்டிருக்கின்றன. மறு ஆண்டே அதைத் திருத்தி, கயிறு முழுவதும் இன்னொரு முறை மெல்லத் திருகியிருப்பதாகவும் காட்டினார்கள். கம்ப்யூட்டர் திரை கிடையாது, கம்பியும் உருண்டையும்தான்.

அவர்கள் பிடித்த நூல் முனை எது தெரியுமா? கொலாஜனில் இருக்கும் அமினோ அமிலங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று கிளைசின். கிளைசின்தான் இருப்பதிலேயே சின்னது. பக்கவாட்டுத் தொகுதி என்று அதற்கு இருப்பது ஒரே ஒரு ஹைட்ரஜன். மூன்று புரி கயிற்றின் நடுவில் இடமே இல்லை. ஒவ்வொரு சங்கிலியிலும் மூன்றாவது மூன்றாவது அமிலம் நடுப்பக்கம் திரும்புகிறது. அந்த இடத்தில் உட்கார கிளைசினால் மட்டும்தான் முடியும். நம் எலும்பில் இருக்கும் முதல் வகைக் கொலாஜனின் சங்கிலியில் இப்படி மும்மூன்றாக 338 கட்டுகள் தொடர்கின்றன. அவற்றில் ஒரே ஒரு கிளைசின் வேறு அமிலமாக மாறினால் போதும், குழந்தைக்கு எலும்பு பொடிப்பொடியாக உடையும் நோய் வரலாம். செரின், சிஸ்டீன், அர்ஜினின், அலனின் என்று எது வந்து உட்கார்ந்தது, எந்த இடத்தில் உட்கார்ந்தது என்பதைப் பொறுத்து நோயின் கடுமை மாறும்.

பேரனின் புராஜெக்ட் இதுதான். புரத வங்கியிலிருந்து கொலாஜன் போன்ற குட்டிச் சங்கிலிகளின் அமைப்புகளை எடுத்தான். 1971-ல் ஏழே ஏழு அமைப்புகளோடு தொடங்கிய வங்கி அது. இன்று இரண்டு லட்சத்துக்கும் மேல். யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். அவற்றோடு கம்ப்யூட்டரில் கிளைசினை மாற்றிச் செய்த மாடல்களையும் சேர்த்தான். மொத்தம் 24. எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி, மாறிய இடத்தில் கயிறு எப்படிப் புடைக்கிறது என்று காட்ட வேண்டும்.

பைமால் என்று ஒரு சாஃப்ட்வேர். வாரன் டிலானோ என்பவர் எழுதியது. புரதப் படங்கள் வரும் ஆராய்ச்சிக் கட்டுரைகளில் பாதி இதில் வரைந்தவையோ என்று தோன்றும், அவ்வளவு பரவலாகப் புழங்குவது. இதில் மாடல்களைத் திறந்தால் அதுவாகவே ஒரு நிறவரிசை போடும். முதல் மாடலின் கார்பன்கள் பச்சை, அடுத்ததற்குச் சியான், அடுத்ததற்கு மெஜந்தா, பிறகு மஞ்சள், சால்மன் என்று போய்க்கொண்டே இருக்கும். ஆக்சிஜன் மட்டும் ஹாஃப்மன் சொன்ன சிவப்பு. பச்சைக் கம்பியில் சிவப்பு முனை! பேரன் கண்ணுக்குப் பச்சை, மஞ்சள், சால்மன் மூன்றும் ஒரு தாய் பிள்ளைகள். இருபத்துநான்கு மாடலும் ஏறியபின் அவனுக்குத் தெரிந்தது மஞ்சளும் பழுப்பும் நீலமும் கலந்த ஒரு நூல்கண்டு. கல்லூரியில் ஒருவர், "உனக்குத் தெரியலைன்னா பக்கத்துப் பையனைக் கேட்டு எழுது" என்றாராம். அன்று இரவு எங்கள் வீட்டுக்கு வந்தான்.

"ஆயா, இந்தப் படிப்பு எனக்குச் சரிப்பட்டு வராது. டேட்டா சயின்ஸுக்கு மாறிடறேன்."

"அங்க மட்டும் கிராஃபுக்குக் கலர் இல்லையாடா?" என்றேன்.

அவன் பதில் சொல்லவில்லை. மடிக்கணினியை என் பக்கம் திருப்பி வைத்தான். நானும் பார்த்தேன். நல்ல கண் உள்ள எனக்கும் அந்தப் படத்தில் ஒன்றும் புரியவில்லை. அதுதான் என்னை யோசிக்க வைத்தது. குறை அவன் கண்ணில் மட்டும் இல்லை.

அந்த நிறவரிசைக்கு அர்த்தமே இல்லை, பாருங்கள். எந்தக் கோப்பை முதலில் திறந்தோமோ அது பச்சை. நாளைக்கு வேறு வரிசையில் திறந்தால் அதே மூலக்கூறு மெஜந்தா. நேற்று எடுத்த படத்தோடு இன்றைய படத்தை ஒப்பிட முடியாது. சங்கிலிவாரியாக நிறம் போடும் கட்டளையும் உண்டு. அதுவும் எப்போதும் உதவாது. கொலாஜனை விடுங்கள், நமக்குத் தெரிந்த ஹீமோகுளோபினைப் பாருங்கள். அதில் இரண்டு ஆல்ஃபா, இரண்டு பீட்டா. கோப்பில் ஏ, சி என்பவை ஆல்ஃபா. பி, டி என்பவை பீட்டா. எழுத்தை வைத்து நிறம் போட்டால் ஒரே மாதிரியான இரண்டு ஆல்ஃபாவுக்கும் இரண்டு நிறம் வரும். அரிவாள் அணுச் சோகையின் ஹீமோகுளோபின் கோப்பு ஒன்றில் முழு மூலக்கூறு இரண்டு, ஆக எட்டுச் சங்கிலி, எட்டு நிறம். மாணவன் எட்டு வெவ்வேறு புரதம் என்று நினைத்துக்கொள்வான். எழுத்தைப் பார்க்காமல் சங்கிலியின் நீளத்தைப் பார்த்துச் சொல் என்றால் கம்ப்யூட்டர் சரியாகச் சொல்லும்: 141 அமிலம் என்றால் ஆல்ஃபா, 146 என்றால் பீட்டா. கம்ப்யூட்டருக்குக் கை உண்டு, கேள்வி கிடையாது. கேள்வியை நாம்தான் எழுதிக் கொடுக்க வேண்டும்.

பைமாலுக்குள் பைத்தான் மொழியிலேயே எழுதலாம். பைத்தான் எனக்குப் புதிது. இரண்டு மாதம் காலையில் காய்கறி நறுக்கும் முன் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். உப்புப் பகுப்பாய்வு தெரிந்தவர்களுக்குப் பைத்தான் கஷ்டமே இல்லை என்பது என் அபிப்பிராயம். வீழ்படிவு வந்தால் இந்தத் தொகுதி, வராவிட்டால் அடுத்த தொகுதிக்குப் போ. அதே நடைதான்.

முதலில், திறந்திருக்கும் மாடல்களின் பெயர்களைக் கேட்டு வாங்கி அகர வரிசைப்படுத்தச் சொன்னோம். திறந்த வரிசை என்னவானாலும் முடிவு ஒன்றாக இருக்க இது. பெரும்பாலோர் இதைச் செய்வதில்லை. அடுத்து, எல்லாவற்றுக்கும் சாம்பல் நிறம். இருபத்துநான்கையும் ஒட்டுமொத்தமாக, சிவப்பு முனை நீல முனை எல்லாவற்றையும் சேர்த்து. இதைக் கேட்டதும் பேரன், "ஆயா, கலர் போடத்தானே ஸ்கிரிப்ட் எழுதறோம்?" என்றான். இருபத்துநான்கு நிறத்தை எந்தக் கண்ணாலும் பிரித்தறிய முடியாது. ஏழெட்டைத் தாண்டினால் நிறம் வெறும் அலங்காரம், கல்யாண மண்டபத்து சீரியல் லைட் மாதிரி. நாம் கேட்கும் கேள்வி "எது எந்த மாடல்" என்பது இல்லை. "எங்கே கிளைசின் இல்லை" என்பதுதான். அதற்கு மட்டும் நிறம் கொடுப்போம் என்றேன்.

பிறகு ஒவ்வொரு சங்கிலியாகப் போய், அமிலங்களின் பெயர்களை வரிசையாக எழுதி, மூன்றாவது, ஆறாவது, ஒன்பதாவது என்று பார்த்துக்கொண்டே போக வேண்டும். கிளைசின் இல்லாத இடத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். கேட்க சுலபம். இங்கேதான் வேலை இருக்கிறது. எல்லாக் கோப்பிலும் எண் ஒன்றில் தொடங்குவதில்லை. சில சங்கிலிகளின் நுனியில் ஒரு மூடி ஒட்டியிருக்கும். அது ஒரு இடத்தைத் தின்றுவிடும். இன்னொரு பொறி, கொலாஜனுக்கே உரியது. அதில் புரோலினிலிருந்து உண்டாகும் ஹைட்ராக்ஸி புரோலின் நிறைய உண்டு. (வைட்டமின் சி இல்லாவிட்டால் இது உண்டாகாது, கயிறு தளரும், ஈறில் ரத்தம் வரும். ஸ்கர்வி. தேர்வில் கேட்பார்கள் என்பேனே, அதே ஸ்கர்வி.) புரத வங்கிக் கோப்புகளில் வழக்கமான இருபது அமிலங்களுக்கு ஒரு வகை வரி, தண்ணீர், உப்பு, மருந்து போன்ற வேற்றுப் பொருள்களுக்கு இன்னொரு வகை வரி. ஹைட்ராக்ஸி புரோலின் இருபதில் சேராது என்பதால் அதை வேற்றாள் வரியில் போட்டிருப்பார்கள். புரத வரியை மட்டும் எண்ணு என்று கம்ப்யூட்டரிடம் சொன்னால் அது இவற்றைத் தாண்டிப் போய்விடும். மூன்றாவதாக வர வேண்டிய கிளைசின் இரண்டாவதாக வந்து நிற்கும். அதனால் எந்த வரியாக இருந்தாலும் ஆல்ஃபா கார்பன் உள்ளதையெல்லாம் எண்ணு என்று எழுதினோம். தண்ணீருக்கு ஆல்ஃபா கார்பன் கிடையாது, தானாகக் கழன்றுவிடும்.

தொடக்கம் எங்கே என்ற சிக்கலை அவிழ்த்தது பேரன்தான். "ஆயா, எதுக்கு எண்ணை நம்பணும்? ஒண்ணுல ஆரம்பிச்சும் எண்ணு, ரெண்டுல ஆரம்பிச்சும் எண்ணு, மூணுல ஆரம்பிச்சும் எண்ணு. எதுல கிளைசின் நிறைய விழுதோ அதான் சரியான தாளம்." தாளம் என்ற வார்த்தை அவனுடையது. மூன்றே வரியில் முடிந்துவிட்டது. நான் இரண்டு நாளாக ஒரு பக்கத்துக்கு விதிவிலக்கு எழுதிக்கொண்டிருந்தேன். அந்தத் தாளை மடித்து மளிகைக் கணக்கு எழுத வைத்துக்கொண்டேன்.

நிறங்களுக்கு, மசடகா ஒகாபே, கெய் இடோ என்ற இரண்டு ஜப்பானிய விஞ்ஞானிகள் தேர்ந்த எட்டு நிறத் தட்டு இருக்கிறது. நிறக்குருடு உள்ளவரும் இல்லாதவரும் ஒரே படத்தைப் பிரித்துப் பார்க்கும்படி அமைத்தது. சிவப்புக்குப் பதில் ஆரஞ்சு கலந்த செம்மை, பச்சைக்குப் பதில் நீலம் கலந்த பச்சை, கூடவே வான்நீலம், ஆரஞ்சு. ஒவ்வொன்றுக்கும் சிவப்பு எத்தனை, பச்சை எத்தனை, நீலம் எத்தனை என்று அளவு இருக்கிறது. அந்தச் செம்மைக்கு 213, 94, 0. கிளைசின் இடத்தில் அலனின் வந்தால் இது, செரின் வந்தால் வான்நீலம், சிஸ்டீன் வந்தால் மஞ்சள் என்று ஒரு அகராதி எழுதி வைத்தோம். எந்த மாடலாக இருந்தாலும் அலனினுக்கு ஒரே நிறம். அதோடு விடவில்லை. டால்டன் செய்த மாதிரி, நிறத்தை நம்பாமல் வடிவமும் கொடுத்தோம். கிளைசின் மாறிய இடத்தில் மட்டும் கம்பிக்குப் பதில் உருண்டை, பக்கத்தில் அமிலத்தின் பெயர்ச்சீட்டு. அப்பாவின் தோல்கட்டுச் சீட்டு மாதிரி என்று நினைத்துக்கொண்டேன், அவனிடம் சொல்லவில்லை.

ஓடவிட்டோம். 24 மாடல், 72 சங்கிலி, சங்கிலிக்குப் பத்து வீதம் 720 கிளைசின் இடம். கையால் ஒவ்வொன்றாகப் பார்த்தால் ஒரு வாரம். கம்ப்யூட்டருக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. சாம்பல் கயிறுகளின் நடுவில் சில உருண்டைகள் மட்டும் எழுந்து நின்றன.

அவற்றில் ஒரு கோப்பைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். பெயர் 1சிஏஜி. ஹெலன் பெர்மன், பார்பரா பிராட்ஸ்கி குழுவினர் 1994-ல் வெளியிட்டது. ராமச்சந்திரனின் கயிற்றை அணு அணுவாகப் படிகத்தில் காட்டிய அமைப்பு. அவர் சொல்லி நாற்பது வருடம் கழித்து. முப்பது அமிலம் கொண்ட மூன்று சங்கிலி, நட்டநடுவில் வேண்டுமென்றே ஒரு கிளைசினை எடுத்துவிட்டு அலனின் வைத்திருக்கிறார்கள். ஒரு மெத்தில் தொகுதி, அவ்வளவுதான் வித்தியாசம். எங்கள் ஸ்கிரிப்டுக்கு அதை யாரும் சொல்லவில்லை. அதுவாகவே பதினைந்தாம் இடத்தை மூன்று சங்கிலியிலும் கண்டுபிடித்து மூன்று செம்மை உருண்டை போட்டது. அந்த இடத்தில் கயிறு லேசாகப் புடைத்திருக்கிறது. சங்கிலிகளை நேரடியாகக் கட்டிப்போட்டிருந்த ஹைட்ரஜன் பிணைப்பு அங்கே இல்லை. நடுவில் தண்ணீர் மூலக்கூறுகள் நுழைந்து பாலம் போட்டிருக்கின்றன.

பேரன் திரையில் விரலை வைத்து, "இங்கதான் எலும்பு உடையுது" என்றான். யாரையும் கேட்காமல் அவனே பார்த்துச் சொன்னது.

மறுநாள் வால்டாக்ஸ் சாலையில் ஒரு ஜெராக்ஸ் கடையில் கறுப்பு வெள்ளையில் பிரிண்ட் எடுத்துப் பார்த்தோம். நிறம் முழுக்கப் போனபிறகும் உருண்டை உருண்டையாகவே நின்றது, பெயர்ச்சீட்டு படிக்க முடிந்தது. கடைக்காரத் தம்பி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "என்னாம்மா இது, தாம்புக்கயிறா?" என்றார். "ஆமாம்பா" என்றேன். வேறென்ன சொல்ல?

புராஜெக்ட் ரிவியூவில் அந்தப் படத்தைத்தான் போட்டான். துறை மாறும் பேச்சு இப்போதைக்கு இல்லை. அடுத்து ஹீமோகுளோபினுக்கு எழுதலாம் என்கிறான். பீட்டா சங்கிலியின் ஆறாம் இடத்தில் குளூட்டமிக் அமிலம் இருந்தால் சாம்பல், வாலின் இருந்தால் செம்மை. நம் நீலகிரியின் பழங்குடி மக்களிடம் அரிவாள் அணு இருப்பதை 1952-லேயே கண்டு எழுதியிருக்கிறார்கள், அந்தப் பகுதிப் பள்ளிகளுக்குப் படமாகக் கொடுக்கலாமே என்று நான் சொல்லி வைத்திருக்கிறேன். பள்ளியில் பாடம் நடத்தும் என் பழைய மாணவர்கள் யாராவது அந்தப் பக்கம் இருந்தால் சொல்லுங்கள்.

ஸ்கிரிப்ட் வேண்டும் என்பவர்கள் இன்பாக்ஸில் ஒரு வரி போடுங்கள், அனுப்புகிறேன். காசு கீசு வேண்டாம். அந்நாளில் டைட்ரேஷனில் நிறம் தெரியாமல் தவித்து, என்னிடமும் சொல்லாமல் பக்கத்துப் பையனின் ரீடிங்கைப் பார்த்து எழுதியவர்கள் இருந்தால், நீங்களும் எழுதுங்கள். மார்க் குறைக்க மாட்டேன். உங்கள் பிள்ளைகளின் கண்ணை, முக்கியமாகப் பெண்ணின் பிள்ளைகளுடையதை, ஒருமுறை புள்ளிப் படப் புத்தகத்தை வைத்துச் சோதித்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலை.